மதங்கியின் சொல்லிசை: வறுமையிற் பிறந்த கலையும் அதன் உரிமையும்

வறுமையும் புலமையும் உடன்பிறந்தவை என்று எண்ணும்படியே தமிழிலக்கிய வரலாறு அமைந்துள்ளது. சிறுபாணாற்றுப்படையிலே வரும் பாணன் மனைவி, குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, அயலார் கண்டுவிடுவரே என்னும் நாணத்தினாற் கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். பெருஞ்சித்திரனார் என்னும் சங்கப் புலவர், பாலின்றி அழும் குழந்தையையும் பசியால் வாடும் மனைவியையும் குமணன் முன்னிலையிற் பாட்டாக்கினார். இப்பாடல்களைப் பயிலுவோர்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். துன்பம் பாட்டுக்குப் பொருளாக வல்லது என்பது ஒன்று. அவ்வாறு பாடிய புலவன், தன் வயிற்றுக்காகப் பிறிதொருவனின் கொடையை எதிர்நோக்கியே வாழ்ந்தான் என்பது மற்றொன்று. முதலாவதனைப் போற்றும் உரைகாரர் பலர். இரண்டாவதனை நின்று நோக்கியவர் சிலரே.

இவ்விரண்டாவது உண்மை இன்றும் உயிருள்ள வினாவாகவே நிற்கின்றது. கதவடைத்துண்ட அத்தகைய அடுக்களையிற் பிறந்த குழந்தையொன்று, எவருடைய வாயிலிலும் காத்திராமல், தன் சொல்லையே முதலாகக் கொண்டு கலைஞனாக வாழ முடியுமா? முடியுமாயின், அதற்கு வேண்டுவன யாவை? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய 'ராப்' என்னும் கலை ஏற்ற களமாகும். தமிழர் இதனைச் சொல்லிசை என வழங்குவர். இக்கலையில் உலகப் புகழ் எய்திய ஈழத்துத் தமிழ்ப் பெண்ணொருவரின் வரலாறும், அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க தமிழகத்து இளைஞரொருவரின் வரலாறும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதலிற் சொல்லிசை இன்னதென அறிதல் வேண்டும். நியூயோர்க் மாநகரின் பிரொங்ஸ் பகுதி, 1970களில், வறுமையும் வேலையின்மையும் தீக்கிரையான வீடுகளும் நிறைந்ததாய் இருந்தது. அங்கே செட்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில், 1973 ஓகஸ்ட் 11ஆம் நாள், சின்டி காம்பெல் என்னும் சிறுமி ஒரு விருந்தாடலுக்கு ஏற்பாடு செய்தாள். பாடசாலை மீளத் தொடங்குமுன் புதிய உடைகள் வாங்கப் பணம் சேர்ப்பதே அவள் நோக்கம். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவளுடைய தமையனார் கிளைவ் காம்பெல். யமேக்காத் தீவிலிருந்து குடியேறிய இவரே பின்னர் டிஜே கூல் ஹேர்க் எனப் பெயர் பெற்றார். பாட்டு நின்று பறையொலி மட்டும் முழங்கும் சிறு இடைவெளியிலேயே ஆடுவோர் மிக உற்சாகம் கொள்வதை அவர் கண்டிருந்தார். எனவே ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, அம்முழக்கத்தை மாறிமாறி நீட்டினார். அந்நீண்ட தாளத்தின்மேல் ஒலிவாங்கியில் எதுகைபடப் பேசும் வழக்கம் வளர்ந்தது. ஹிப்-ஹாப் என்னும் பெரும் பண்பாட்டின் பிறப்பை ஆராய்ச்சியாளர் பலர் இந்நாளிலிருந்தே கணக்கிடுவர். பாடசாலை உடைக்கு வழி தேடிய ஒரு சிறுமியின் முயற்சியிலே அது தொடங்கிற்று என்பது ஆசிரியர்கள் மனங்கொள்ளத்தக்கது.

இசைக்கருவி வாங்கவோ இசைக்கல்லூரியிற் பயிலவோ வசதியற்ற இளைஞர் தம் பெற்றோரிடமிருந்த பழைய இசைத்தட்டையும் தம் நாவையுமே கருவியாகக் கொண்டனர். 1979இல் 'ரப்பர்ஸ் டிலைட்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தபோது இக்கலை தெருவிலிருந்து சந்தைக்கு வந்தது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினர் வெளியிட்ட 'த மெசேஜ்' நகர்ப்புற வறுமையையே பொருளாக எடுத்தாண்டது. 2018ஆம் ஆண்டில் இசைக்கான புலிட்சர் பரிசு கென்ட்ரிக் லமார் என்னும் சொல்லிசைக் கலைஞருக்கு வழங்கப்பட்டது. தெருவோரக் கூச்சல் என்று இகழப்பட்ட ஒன்றைப் புலமையுலகம் கலையென ஒப்புக்கொள்ள ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

தமிழ் பயின்றோர்க்கு இக்கலையின் இலக்கணம் அந்நியமானதன்று. நான்கு அடி கொண்ட தாளவட்டம் இடையறாது சுழன்றுகொண்டிருக்க, அதன்மேற் சொற்கள் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் நெகிழ்ந்தும் அமர்கின்றன. பண்ணின் ஏற்ற இறக்கத்தினும் சொல்லின் அழுத்தமே இங்கு முதன்மை பெறும். ஆங்கிலச் சொல்லிசை அடியின் இறுதியில் ஒலியொப்புமையைத் தேடும்; அஃது தமிழ் யாப்பிலே இயைபு எனப்படும். தமிழ்ச் செய்யுளோ அடியின் முதலிலே மோனையையும் எதுகையையும் வைத்துப் பழகியது. தமிழிற் சொல்லிசை பாடுவோர் இவ்விரு மரபுகளையும் இணைக்கும்போது, அடியின் முன்னும் பின்னும் ஒலி கட்டுண்டு, தனியொரு விறுவிறுப்புத் தோன்றுகின்றது. வல்லினமும் மெல்லினமும் முறைமாறிப் பாயும் சந்தத்தின் ஆற்றலைத் திருகோணமலை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது. தாளத்தைச் சொல்லே சுமந்து செல்லும் வகையிற் பாடல் இயற்றிய அப்பெருமானைக் கற்றவர்க்குச் சொல்லிசையின் உத்தி ஒருபோதும் விளங்காது போகாது.

இனி மாதங்கி அருள்பிரகாசத்தின் வரலாற்றைக் காண்போர், அதன் தொடக்கம் முழுவதும் இடப்பெயர்வாகவே இருத்தலைக் காண்பர். மாயா என வழங்கப்பெறும் இவர் 1975 ஜூலை 18ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹவுன்ஸ்லோ பகுதியிற் பிறந்தார். ஆறு திங்கட் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தையார் ஒரு பொறியியலாளர். அருளர் என்னும் புனைபெயர் பூண்டவர். 1975இல் இலண்டனில் உருவான ஈழப் புரட்சி அமைப்பின் தோற்றுநர்களுள் ஒருவர். 'லங்கா ராணி' என்னும் தமிழ் நாவலின் ஆசிரியரும் அவரே. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அகதிகளைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரையே அந்நாவல் தாங்கியுள்ளது. தந்தையார் இயக்கப் பணியில் மறைந்து வாழ்ந்தமையால், வீட்டுக்கு வரும் அரிய வேளைகளிலும் பிள்ளைகளுக்கு மாமா என்றே அறிமுகம் செய்யப்பட்டார். பாதுகாப்புக் கருதி மொழியப்பட்ட அப்பொய், தந்தை இருந்தும் தந்தையற்ற குழந்தைப் பருவத்தை அவர்களுக்கு அளித்தது.

தாயார் கலா தையற்றொழிலாற் பிள்ளைகளைக் காத்தார். மாயா யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடப் பாடசாலையிற் பயின்றார். போர் மூண்டபோது குடும்பம் சென்னை சென்று, பாழடைந்த வீடொன்றில் வறுமையோடு வாழ்ந்தது. பின் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அங்கும் தங்க இயலாமல் 1986இல் அகதிகளாக இலண்டன் சேர்ந்தது. அப்போது மாயாவுக்குப் பதினோராவது பிறந்தநாள் வந்திருக்கவில்லை. தென் இலண்டனின் மிச்சம் பகுதியில், வசதியற்றோர்க்கெனக் கட்டப்பட்ட பிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. நிறவெறி மிகுந்த சூழலில், ஆங்கிலமும் அறியாத சிறுமி, அடுத்த வீட்டுச் சுவரைக் கடந்து வந்த ஒலியினாலேயே ஹிப்-ஹாப் இசையை முதலில் அறிந்ததாகப் பின்னாளிற் கூறியுள்ளார். சொல்லின் பொருள் விளங்குமுன் அதன் தாளம் விளங்கிற்று. பிரொங்ஸ் நகரத்து வறியோர் குரலை யாழ்ப்பாணத்து ஏதிலிச் சிறுமி இலண்டன் சுவரொன்றின் ஊடாகக் கேட்டுத் தன் குரலாக உணர்ந்தாள் என்பது, துன்பம் மொழி கடந்து தன் இனத்தை அறியும் இயல்புக்குச் சான்றாகும்.

ஆயினும் அச்சிறுமி நேரே பாடகியாகிவிடவில்லை. இடையிலே கல்வி இருந்தது. இலண்டனிலுள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் நுண்கலையும் திரைப்படமும் ஒளிப்பதிவும் பயின்று பட்டம் பெற்றார். ஈழப் போர்க்காட்சிகளை வண்ண அச்சுருவங்களாக வடித்து 2001இற் கண்காட்சி வைத்தார். 'எலாஸ்டிகா' என்னும் இசைக்குழுவுக்கு இசைத்தட்டு உறை வரைந்த தொடர்பால் அக்குழுவோடு பயணம் செய்தபோது, பீச்சஸ் என்னும் இசைக் கலைஞர் அவருக்கு ரோலண்ட் எம்சி-505 என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். பறையொலியையும் பிற ஒலிகளையும் நிரல்படுத்தி ஒலிக்கச் செய்யும் சிறு மின்கருவி அது. பெரும் ஒலிப்பதிவுக் கூடமின்றி, அக்கருவியையும் நான்கு தடம் கொண்ட எளிய ஒலிப்பதிவுப் பொறியையும் கொண்டு, தம் இருப்பிடத்திலேயே பாடல் அமைக்கலானார். போர்க்களத்திற் காணாமற் போனோரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளை, எம்.ஐ.ஏ. எனத் தம் கலைப்பெயராகக் கொண்டார்.

'கலாங்' என்னும் முதற்பாடல் 2003இல் ஒரு சிறு நிறுவனத்தால் ஐந்நூறே படிகள் அச்சிடப்பட்டு வெளிவந்தது. அவ்வைந்நூறு தட்டுகள் நடனக் கூடங்களிலும், இணையத்தின் வழியாகக் கைமாறிய ஒலிக்கோப்புகளிலும் பரவிப் பெயர் தேடித் தந்தன. எக்ஸ்எல் என்னும் நிறுவனம் 2004இல் அவருடன் ஒப்பந்தம் செய்தது. 2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு 'அருளர்' எனத் தந்தையின் பெயரையும், 2007இன் இரண்டாவது தொகுப்புக்குக் 'கலா' எனத் தாயின் பெயரையும் இட்டார். 2010இல் 'மாயா', 2013இல் 'மாதங்கி' என்பன தொடர்ந்தன. அமெரிக்க நுழைவுரிமை கிடைப்பதில் தடை ஏற்பட்டமையால், 'கலா' தொகுப்பு இந்தியா, திரினிடாட், யமேக்கா, லைபீரியா முதலிய நாடுகளில் அலைந்து உருவாக்கப்பட்டது. அதன் பயனாகத் தமிழகத்து உறுமி மேளம் உலக மேடையில் முழங்கிற்று. தடைப்பட்ட பயணமே கலைக்குப் புதிய வழி திறந்தது.

அத்தொகுப்பிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்', குடியேறியோரைக் கள்வராகவும் கொலைஞராகவும் காணும் உலகின் அச்சத்தை எள்ளி நகையாடும் பாட்டு. 2008இல் அஃது அமெரிக்கப் பாடற்பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஏ. ஆர். ரஹ்மானுடன் இணைந்து 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்கு அமைத்த பாடல் 2009இல் ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. 2020 ஜனவரியில் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது அவருக்கு அணிவிக்கப்பட்டது. அகதியாய் வந்த தாயார் கலா, இவ்வகை விருதுப் பதக்கங்களைக் கையாற் தைக்கும் பணியையே பல்லாண்டுகள் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். தாயின் ஊசி தைத்து அனுப்பிய இனத்துப் பதக்கமே மகளின் மார்புக்கு வந்தது. இதனினும் சுருக்கமாக ஓர் ஏதிலிக் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லிவிட இயலாது.

மாதங்கி என்னும் பெயர் குறித்தும் சில கூறுதல் தகும். தச மகாவித்தியைகளுள் ஒருத்தியாகிய மாதங்கி, வாக்குக்கும் இசைக்கும் தலைவி. சரசுவதியின் மறைவடிவம் எனவும் கருதப்படுவாள். ஆயினும் அவள் வெண்டாமரையில் வீற்றிருப்பவள் அல்லள். ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோரோடும் எச்சிற் படையலோடும் இணைத்துப் பேசப்படுபவள். தமிழ்க் கலம்பக நூல்களிலும் மதங்கியார் என்றோர் உறுப்புண்டு. இரு கைகளிலும் வாளேந்திச் சுழன்றாடித் தெருவிலே பாடும் இளமகளை அஃது குறிக்கும். திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர்களுள் ஒருவராகிய விபுலாநந்த அடிகளும், சேக்ஸ்பியரின் நாடகத் திறனை ஆராய்ந்த தம் நூலுக்கு 'மதங்க சூளாமணி' என்றே பெயரிட்டார். மதங்கர் என்பார் கூத்தர். எனவே தெருவில் நின்று வாள் சுழற்றுவது போலச் சொல் சுழற்றும் கலைமகளுக்குத் தமிழ் மரபிலே முன்னமே ஓர் இடம் இருந்தது. மாயா தம் நான்காம் தொகுப்புக்கு இத்தெய்வத்தின் பெயரைச் சூட்டியபோது, தமக்குரிய பழைய இடத்தையே மீட்டுக்கொண்டார் எனலாம்.

இவ்வரலாற்றைக் கேட்போர் எளிதில் வழுக்கி விழும் பிழையொன்றுண்டு. துன்பமே கலையைத் தந்தது, ஆகவே துன்பமும் நன்றே எனக் கூறிவிடுவதே அப்பிழை. அவ்வாறாயின் போரின் நடுவே வளர்ந்த ஒவ்வொரு குழந்தையும் கலைஞராயிருத்தல் வேண்டும். 1980களில் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மன்னாரிலும் அதே துன்பத்தை நுகர்ந்த பல்லாயிரம் பிள்ளைகள் சொல் எதனையும் விட்டுச் செல்லாமலே மறைந்தனர். துன்பம் பொருளைத் தரும், வடிவத்தைத் தராது. மாயாவின் வாழ்வில் வடிவத்தைத் தந்தவை நான்கு. தையல் ஊசியால் வீட்டைத் தாங்கிய தாய் ஒன்று. தடைப்பட்டுத் தடைப்பட்டும் அறுந்துவிடாத பள்ளிப்படிப்பு இரண்டு. விலைகுறைந்த கருவியை இயக்கக் காட்டிய தோழமை மூன்று. தான் கண்டதைத் தன் பெயராலேயே சொல்லும் துணிவு நான்கு. இந்நான்கில் ஒன்று குறையினும் அந்த ஐந்நூறு தட்டுகள் வெளிவந்திரா.

அவரைக் கண்டித்தோரும் இலர் அல்லர். போரின் துயரை வணிகப் பொருளாக்கினார் என்றும், ஆயுதப் போராட்டத்தை அழகுபடுத்தினார் என்றும் மேலைநாட்டு இதழ்கள் எழுதியதுண்டு. அவருடைய அரசியற் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். ஆனால் இக்கண்டனத்தில் உள்ளுறையும் வினா பொதுவானது. தன் துன்பத்தைப் பாடுபவன் அதனை எதுவரை விற்கலாம்? விற்றபின் அதன்மீது அவனுக்கு எஞ்சும் உரிமை யாது? இங்கேதான் பாணனும் வள்ளலும் பற்றிய பழைய வினா புதிய உருவில் எழுகின்றது.

இக்காலத்தில் வள்ளலின் இடத்தை இசைநிறுவனம் ஏற்றுள்ளது. பழைய வள்ளல் பரிசில் கொடுத்துப் பாட்டைப் பாணனிடமே விட்டான். நிறுவனமோ முன்பணம் கொடுத்துப் பாட்டையும் எடுத்துக்கொள்ளக் கூடும். ஒரு பாடலில் இருவகைச் சொத்துக்கள் அடங்கியுள்ளன என்பதை இளைஞர் தெளிவாக அறிதல் வேண்டும். சொல்லும் இசையமைப்பும் ஒரு சொத்து. அதனைப் பாடிப் பதிந்த ஒலிவடிவம் மற்றொரு சொத்து. முதலாவது இயற்றியோர்க்குரியது, இரண்டாவது, ஒப்பந்தத்தின்படி, பதிவுக்குப் பணம் இட்டோரிடம் செல்வது வழக்கம். சுயாதீனக் கலைஞன் என்பவன் இவ்விரண்டையும் இயன்றவரை தன் கையில் வைத்துக்கொண்டு, பரப்பும் பணிக்கு மட்டும் பிறருக்குக் கூலியோ பங்கோ தருபவன். எவரோடும் சேராதவன் என்பது அதன் பொருளன்று. மாயாவும் நிறுவனங்களோடு பணியாற்றியவரே. எனினும் 2010ஆம் ஆண்டின் கடைசி நாளில் 'விக்கி லீக்ஸ்' என ஒலிக்கும் பெயருடைய தொகுப்பொன்றை எவ்விலையுமின்றி இணையத்தில் வெளியிட்டு, கொடுக்கும் உரிமையும் தம்மிடம் உண்டு எனக் காட்டினார்.

பிறர் உரிமையை மதித்தலும் இதனுள் அடங்கும். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடிநாதம், 'த கிளாஷ்' என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982இல் வெளியிட்ட பாடலொன்றின் பதிவிலிருந்து எடுத்தாளப்பட்டது. ஆகவே அக்குழுவினர் நால்வரின் பெயரும் இப்பாட்டின் ஆக்கியோர் வரிசையில் இடம்பெற்றுள்ளன. பழைய ஒலியைப் புதிய பாட்டிற் பொருத்துதல் இக்கலையின் உயிர்நிலை. ஆனால் இசைவு பெற்றுப் பெயர் கூறிப் பொருத்துதலே அறம். மேற்கோளைக் கூறி அதன் ஆசிரியனை மறைப்பது உரைநூலில் எத்துணைக் குற்றமோ, அத்துணைக் குற்றம் இசையிலும் உண்டு.

தமிழகத்து அறிவு என்பாரின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அரக்கோணத்திற் பிறந்த அறிவரசு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி 2018 ஜனவரியிற் சென்னையில் அரங்கேறிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிற் பாடியவர். 2019இல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் 'தெருக்குரல்' என்னும் சுயாதீனத் தொகுப்பை வெளியிட்டார். அவருடைய பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். இலட்சக்கணக்கான அத்தகைய மக்களின் தலைவிதி 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும், 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையாலும் எழுதப்பட்டது. அவ்வுடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது; அம்மக்களின் விருப்பத்தை வினவாமலே எண்கள் வகுக்கப்பட்டன. பாட்டியார் கூறிய கதைகளையும் ஒப்பாரி மரபையும் கொண்டு அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்து, 2021 மார்ச் 7இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கோடிக்கணக்கானோராற் கேட்கப்பட்டது. நிலத்தை உழுது நிலமற்றுப் போனோரின் துயரம் அப்பாட்டின் உயிர்.

அப்புகழின் பின் நிகழ்ந்தவை படிப்பினை மிக்கவை. 2022 ஜூலை 28இற் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அறிவின்றிப் பாடப்பட்டது. அதனையடுத்து, பாட்டை ஆக்கியதில் யாருடைய பங்கு எத்துணை என்னும் கருத்து வேறுபாடு பொதுமேடைக்கு வந்தது. தத்தம் பங்கினை ஒவ்வொருவரும் விளக்கினர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கும் மற்றிருவர்க்கும் வருவாய் எதுவும் வந்தடையவில்லை எனப் பகிரங்கமாகக் கூறினார். யார் சொல்வது சரி எனத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. தோட்டத் தொழிலாளியின் உழைப்பின் பயன் அவளைச் சேராமற் போன கதையைப் பாடிய பாட்டிலேயே, பெயரும் பயனும் பற்றிய அதே வினா எழுந்தமையே உற்று நோக்கத்தக்கது. புகழ் வந்தபின் உரிமையைப் பேசத் தொடங்கினால் நட்பும் புண்படும், பாட்டும் புண்படும். பாடத் தொடங்குமுன் ஒரு தாளிலே சொல் யாருடையது, இசை யாருடையது, பதிவு யாருடையது, பங்கு எவ்வளவு என எழுதிக் கையொப்பமிடுதலே இருவர்க்கும் நன்று.

இலங்கையில் இதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கப்பட்ட கணத்திலேயே பாட்டின்மீது ஆக்கியோனுக்கு உரிமை பிறக்கின்றது; அதற்கெனப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவ்வுரிமை அவன் வாழ்நாள் முழுதும், அவன் மறைந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆக்கத்தோடு தன் பெயர் இணைக்கப்படல் வேண்டும் எனக் கோரும் உரிமையும் அதனுள் அடங்கும். சங்கப் பாணனுக்கு இல்லாத செல்வம் இது. ஆனால் சட்டத்தை அறியாதவனுக்குச் சட்டம் பூட்டிய பெட்டியே. எழுதிய நாளைக் குறித்து வைத்தல், ஒலிக்கோப்பின் மூலப்படியைத் தன்னிடம் காத்தல், படித்து விளங்காத ஒப்பந்தத்திற் கையொப்பமிடாமை ஆகிய மூன்றும் ஏழைக் கலைஞனின் முதற் காவல்.

திருகோணமலைத் துறைமுக மாவட்டத்துக்கும் இவ்வாராய்ச்சிக்கும் யாது தொடர்பு என வினவலாம். துறைமுகம் என்பது பல மொழியும் பல தாளமும் வந்து சேரும் இடம். அதன் கரையிலே கரைவலை இழுக்கும் தொழிலாளர் அம்பாப் பாடல் பாடுவது வழக்கம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஒருமித்து எதிரொலிக்க, கைகளின் இழுவையே தாளமாக அமையும். மூதூர், கிண்ணியாப் பகுதி முஸ்லிம் மக்களிடையே நாட்டுக் கவிகள் வழங்குகின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் வசந்தன் ஆடலும் கிழக்கிலங்கைக்கு உரியவை. பிரொங்ஸ் இளைஞருக்கு வாய்த்த பழைய இசைத்தட்டுகளினும் செழுமையான ஒலிச்செல்வம் இது. சொல்லிசை பாட விரும்பும் இளைஞன் அமெரிக்க உச்சரிப்பைக் கடன் வாங்க வேண்டியதில்லை; கரைவலையின் இழுவையிலேயே அவனுக்குரிய நான்கடித் தாளம் கிடக்கின்றது.

பாடுவதற்குரிய பொருளும் இம்மாவட்டத்துக்குக் குறைவன்று. 1983, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள், 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2006இற் சம்பூர், மூதூர்ப் பகுதிகளில் நேர்ந்த பெரும் இடப்பெயர்வு ஆகியவற்றை அறியாத குடும்பம் அரிது. கூடாரங்களில் எழுத்துப் பயின்ற பிள்ளைகள் இன்று இளைஞராகிவிட்டனர். அவர்களுட் சிலர் வகுப்பறையின் கடைசி வாங்கில் அமர்ந்து, மேசையைத் தட்டித் தாளமிட்டுச் சொல் கோத்துக்கொண்டிருத்தல் கூடும். அத்தட்டலை ஒழுங்கீனமாக மட்டும் கருதும் ஆசிரியர் ஒரு கலைஞனை இழப்பர். அவனை அழைத்து, அவன் கோத்த சொல்லிலே எதுகை எங்கே சிதைந்தது, சந்தம் எங்கே தளர்ந்தது எனக் காட்டும் ஆசிரியர், யாப்பிலக்கணத்துக்கு ஒரு மாணவனையும் சொல்லிசைக்கு ஒரு புலவனையும் ஒருங்கே பெறுவர்.

இக்கலை வசைமொழி மலிந்தது, பெண்களை இழிவுபடுத்துவது, அந்நியர் வழக்கு எனக் கூறுவோர் உளர். முதலிரு குற்றங்களும் பல பாடல்களைப் பொறுத்தவரை உண்மையே. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வடிவத்தை அதன் இழிந்த மாதிரிகளைக் கொண்டு அளத்தல் முறையாகாது. தனிப்பாடல்களிலும் வசை உண்டு; அதனால் வெண்பா குற்றவாளி ஆவதில்லை. அந்நியம் என்னும் குற்றச்சாட்டோ நாவலுக்கும் சிறுகதைக்கும் ஒரு காலத்திற் கூறப்பட்டதுதான். மலேசியத் தோட்டத் தமிழர் மரபிலே தோன்றிய யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்த பின்னர், தமிழ்ச் சொல்லிசை தமிழர் வாழும் நாடெங்கும் வேரூன்றிவிட்டது. யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் மிருதங்க ஒலியோடு சொல்லிசையை இணைத்தார். வேரூன்றிய பயிரைப் பிடுங்க முயல்வதினும், களை பிடுங்கி வளர்ப்பதே உழவர் செயல்.

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன சில. துன்பம் கலைக்கு விதையன்று. அது நிலம் மட்டுமே. அந்நிலத்திற் கல்வியும் பயிற்சியும் தோழமையும் விழுந்தால் முளை தோன்றும். முளைத்தது வளர்ந்து கனி தரும் காலத்தில், கனி யாருக்கு என்னும் வினா எழும். அதற்கு முன்னரே வேலி இட்டிருத்தல் வேண்டும். சிறுபாணன் மனைவி வறுமையை மறைக்கக் கதவை அடைத்தாள். அக்கதவைத் திறந்து, உள்ளே நிகழ்வதைத் தன் குரலில், தன் பெயரில், தன் உரிமையிற் சொல்லும் ஆற்றல் இன்றைய பிள்ளைக்கு வாய்த்துள்ளது. அந்த ஆற்றலை அவனுக்கு அறிவித்து, கருவியைக் கையிற் கொடுத்து, ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்பிக்கும் கடன் கல்விக்கூடங்களைச் சார்ந்தது.